மங்கல் புள்ளிகள்

பேராசிரியர் உறையைக் கையில் எடுத்ததும் மாமா தொண்டையைக் கனைத்தார்.

"கல்யாணப் பத்திரிகை மாதிரி பக்குவமா ஒட்டியிருக்கேன் சார். பார்த்துப் பிரிங்க."

மாமா என்பது ஆய்வகமே அவருக்கு வைத்த பெயர். கண்ணாடித் தகடுகளைத் தயார் செய்வதும், தகட்டின் பெயரை மறைத்து மேலே ஒரு எண் எழுதுவதும் அவர் வேலை. எந்த எண் எந்தத் தகடு என்ற பட்டியல் அந்த உறைக்குள் இருந்தது.

எண்ணுகிறவளுக்கு எது எதென்று தெரியக் கூடாது. தெரிந்தால் ஆசை புகுந்துவிடும்.

எண்ணியவள் எதிர் நாற்காலியில் உட்கார்ந்திருந்தாள். நான்கு மாதம் நுண்ணோக்கியில் குனிந்து கழுத்து ஒரு பக்கமாகப் பிடித்துக்கொண்டிருந்தது. கண்ணை மூடினாலும் சிவப்புப் புள்ளிகள்தான்.

ஒவ்வொரு புள்ளியும் நரம்பணுவின் மேற்பரப்பில் கூடி நிற்கும் குளுட்டமேட் ஏற்பிகள். அணுவின் காது என்று மகளுக்குச் சொல்லியிருந்தாள். மேலே நின்றால் பக்கத்து அணு சொல்வது கேட்கும். உள்ளே இறங்கிவிட்டால் தொண்டை கிழியக் கத்தினாலும் கேட்காது.

"அப்பா மாதிரியா?" என்றாள் மகள்.

ஏற்பிகள் ஓரிடத்தில் நிற்பதில்லை. உள்ளேயிருந்து மேலே வரும், மேலேயிருந்து உள்ளே போகும். மேலே வந்ததைப் போகவிடாமல் பிடித்து நிறுத்துவது ஒரு சின்னப் புரதம் என்று அவள் சொன்னாள். ஆறு வருடமாகச் சொல்லிக்கொண்டிருந்தாள். வேறு யாரும் சொல்லவில்லை.

பாதித் தகடுகளில் அந்தப் புரதம் உள்ள அணுக்கள். மீதியில் அதை நீக்கிய அணுக்கள். நீக்கியவற்றில் புள்ளிகள் குறைந்திருந்தால் அவள் சொன்னது சரி. குறையாவிட்டால் இந்த மாதத்தோடு ஆய்வை மூடிவிடுவார்கள். அவளுக்கும் இங்கே இடமில்லை.

பேராசிரியர் பட்டியலையும் அவளுடைய நோட்டையும் அருகருகே வைத்தார். கூட்டினார். மறுபடி கூட்டினார்.

புரதம் உள்ள அணுவில் சராசரி முப்பத்தொன்று. இல்லாத அணுவில் முப்பது.

ஒரு புள்ளி. அதை வைத்து எதுவும் சொல்ல முடியாது.

மாமா தன் செருப்பைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

"விடும்மா," என்றார் பேராசிரியர். "உன் இடத்துல வேற யாராவது இருந்தா அங்க இங்க கொஞ்சம் தட்டிவிட்டிருப்பாங்க. நீ நேர்மையா எண்ணியிருக்கே. அது போதும்."

அவள் தலையாட்டினாள்.

மறுபடி எண்ண வழியில்லை. நுண்ணோக்கியின் வெளிச்சம் பட்டால் சாயம் வெளுத்துவிடும். ஒரு தகட்டை ஒருமுறைதான் எண்ணலாம்.

பேராசிரியர் கணினிப் பக்கம் திரும்பி, ஆய்வை மூடும் கடிதத்தைத் தட்டச்சு செய்யத் தொடங்கினார். மாமா ஒரு தம்ளரில் தண்ணீர் கொண்டுவந்து கொடுத்தார். அவர் முகத்தைப் பார்க்காமல் வாங்கிக் குடித்தாள்.

தகடுகளின் பெயரை மறைக்க மாமா வெள்ளை ஒட்டுத்தாள் ஒட்டியிருந்தார். ஒரு வகைத் தகடுகள் முடிந்தபோது சுருளும் தீர்ந்துபோயிற்று. அடுத்த வகைக்குக் கையில் கிடைத்தது மஞ்சள் சுருள். எண்களைக் குலுக்கிப் போட்ட மனிதர் நிறத்தைக் கவனிக்கவில்லை.

எண்ணத் தொடங்கிய இரண்டாம் நாளே அவளுக்குப் புரிந்துவிட்டது, மஞ்சள்தான் புரதம் நீக்கிய வகை. மஞ்சள் தகடுகளில் புள்ளிகள் குறைவாக இருந்தன. யார் பார்த்தாலும் தெரிகிற குறைவு.

அன்றே சொல்லியிருக்கலாம். சொன்னால் மாமாவுக்குத் திட்டு விழும். அணு வளர்ப்பதிலிருந்து எல்லாவற்றையும் திரும்பத் தொடங்க வேண்டும். அதற்கு அவகாசமும் இல்லை, அவள் உடம்பில் தெம்பும் இல்லை.

அதனால் தன் கையைத் தானே காவல் காத்தாள். வெள்ளைத் தகட்டில் சந்தேகமான புள்ளிகளை வழக்கம்போல ஒதுக்கினாள். மஞ்சள் தகட்டில் ஒரு மங்கல் புள்ளி வந்து, அது ஏற்பியா வெறும் அழுக்கா என்று சந்தேகம் தட்டினால், ஆசைப்பட்டு ஒதுக்குகிறோமோ என்று பயந்து அதையும் சேர்த்துக்கொண்டாள்.

நான்கு மாதம். ஒன்றைக்கூட விடவில்லை.