தூக்கம் வரவழைக்கும் புள்ளி

கண் இரண்டும் மிளகாய் அரைத்துப் பூசியதுபோல் எரிந்தன. கமலக்கண்ணன் சரியாகத் தூங்கி மாதக்கணக்காகிறது. மத்திகிரியில் அக்குபிரஷர் பார்க்கும் எல்லப்பனிடம் மணிக்கட்டை நீட்டினான்.

எல்லப்பனுக்கு வலது கையில் விரல்கள் கிடையாது. ஓசூர்க் கம்பெனியில் தகடு அடிக்கும் பிரஸ் மெஷின் வாங்கிக்கொண்டது. அதற்கப்புறம் கற்ற தொழில் இது. இடது கட்டைவிரலால் அழுத்தினான்.

"வலிக்குதா மச்சான்?"

"வலிக்கட்டும். நல்லா அழுத்து."

"நரம்பு கல்லாட்டம் கெடக்குது. மனசுல எதயோ வெச்சிருக்கிற. சின்ன வூடு கின்ன வூடா? தங்கச்சிகிட்ட சொல்லட்டா?"

கமலக்கண்ணன் சிரிக்கவில்லை. ஐம்பது ரூபாயை எடுத்தான்.

"உள்ள வெய்யி. அன்னிக்கு நான் கத்தினப்ப மொதல்ல ஓடியாந்தவன் நீ. உங்கிட்ட காசு வாங்கினா இந்தக் கையும் வெளங்காது."

முதலில் ஓடியது உண்மைதான். எல்லப்பனைத் தூக்க அவன் ஓடவில்லை.

இரண்டு கையாலும் இரண்டு பட்டன்களை அழுத்தினால்தான் அந்த பிரஸ் இறங்கும். உருப்படி எண்ணிக்கை கூட வேண்டுமென்று ஒரு பட்டனில் மரச்சில்லைச் செருகி, ஒற்றைக் கையால் ஓட்டியவன் கமலக்கண்ணன். ஷிப்ட் முடிந்தபோது எடுக்க மறந்துவிட்டான். அது தெரியாமல் அடுத்த ஷிப்டில் எல்லப்பன் வலது கையால் தகட்டை வைத்தபோது, இடது கை மற்ற பட்டனில் பட்டுவிட்டது.

வீட்டுக்குக் கிளம்பிக்கொண்டிருந்த கமலக்கண்ணன் அலறல் கேட்டதும் ஓடிப்போய், யாரும் பார்ப்பதற்குள் சில்லை உருவிப் பையில் போட்டுக்கொண்டான். ஆளின் கவனக்குறைவு என்று கம்பெனி எழுதியது. எல்லப்பனும் அதை நம்பினான்.

"நாளைக்கும் வா மச்சான். தூங்க வெக்காம வுட மாட்டேன்."

கமலக்கண்ணன் தலையாட்டிவிட்டு எழுந்தான். 'சில்லைச் செருகினது நாந்தான்' என்ற ஒரு வார்த்தையை எல்லப்பனிடம் அவன் இன்னும் சொல்லவில்லை.