பதினான்காம் பாத்தி

"என் கோதுமை எந்தப் பாத்தியில இருக்குன்னு மட்டும் சொல்லேன்!"

"சொல்லிட்டா அது சோதனையே இல்லைங்க," என்றாள் மனைவி.

இருவருக்கும் ஒரே ஆய்வுப் பண்ணையில் வேலை. நாற்பது பாத்திகளுக்கும் எண் மட்டும்தான். எதில் எந்த ரகம் என்பது, விதைப்புத் திட்டம் போட்ட அவளுக்கு மட்டுமே தெரியும். பத்து வருடமாக அவன் உருவாக்கிய ரகம், பழைய ரகத்தைவிட அதிகம் விளையாவிட்டால் கைவிடப்படும்.

அவனுக்கு இருப்புக்கொள்ளவில்லை. அவளையே கவனித்தான். தினமும் பதினான்காம் பாத்தி அருகில் மட்டும் அவள் சற்று நின்றுவிட்டுப் போனாள்.

'மாட்டிக்கிட்டா!'

யாரும் பார்க்காத நேரமாக, அந்தப் பாத்திக்கு மட்டும் அவ்வப்போது கூடுதலாக உரம் போட்டான்.

அறுவடையில் பதினான்குதான் முதலிடம்.

"பார்த்தியா என் புள்ளைய!" என்று குதித்தான்.

விதைப்புத் திட்டத்தை வைத்து ஒட்டியிருந்த உறையை அவள் பிரித்து நீட்டினாள். பதினான்கு, பழைய ரகம். அவனுடையது இருபத்தேழு. ஒரு கைப்பிடி தானியம் குறைந்து, இரண்டாம் இடம்.

"அப்புறம் ஏம்மா தினமும் அங்கேயே போய் நின்னே?" என்றான், அழாத குறையாக.

அவள் முகம் சிவந்தது.

"அங்கேர்ந்து பார்த்தாத்தான் உங்க ரூம் ஜன்னல் தெரியும்."