அவரைக்கு வக்காலத்து

“இன்னும் ஒரு வாரம் பாப்பேன். காய்க்கலன்னா அடியோட அறுத்துப் போட்டுடுவேன், ஆமா.”

பஞ்சநதம் அரிவாளை அவரைக்கொடியின் தண்டில் வைத்துக்கொண்டு சொன்னார். கும்பகோணம் தடத்தில் முப்பது வருஷம் கண்டக்டராக இருந்தவர். பஸ்ஸின் கடைசி சீட்டு வரை கேட்கிற குரல். வலங்கைமானில் அந்தத் தெரு முழுக்கக் கேட்டிருக்கும்.

கேட்க வேண்டியவள் பின்வாசலில் நாற்காலியில் உட்கார்ந்திருந்தாள். அவர் மனைவி வேம்பு. பனி ஏறாமல் தலைக்கு மப்ளர் சுற்றி, அசையாத வலது கையை எடுத்து மடியில் வைத்துவிட்டிருந்தார்.

அவர் காத்திருந்தார்.

காய்க்காத மரத்தையோ கொடியையோ இப்படி மிரட்டுவது ஊர் வழக்கம். ஒருவர் மிரட்ட வேண்டும், ஒருவர் பரிந்து பேச வேண்டும். கல்யாணமான வருஷத்திலிருந்து மிரட்டுவது பஞ்சநதம், வக்காலத்து வாங்குவது வேம்பு.

“விட்டுடுங்க, பாவம். தை பொறந்தா காய்க்கும்.”

சொல்லி முடிப்பதற்குள் அவளுக்குச் சிரிப்பு வந்துவிடும். முருங்கை, நார்த்தை, பூசணி என்று எத்தனையோ உயிரைக் காப்பாற்றிய வாய்.

ஆவணியில் பக்கவாதம் வந்ததிலிருந்து அந்த வாய் பேசவில்லை.

எல்லாம் புரிகிறது அவளுக்கு. குழம்பில் உப்பு குறைந்தால் முகம் காட்டிக்கொடுத்துவிடும். வார்த்தைதான் வரவில்லை. யோசித்துப் பேசுவது கஷ்டம், ஆனால் வருஷக்கணக்காகச் சொல்லிப் பழகியது சில நேரம் தானாக வந்துவிடும் என்று பேச்சுப் பயிற்சி கொடுக்க வந்த பெண் சொல்லிவிட்டுப் போனாள். பஞ்சநதம் ஒன்று, இரண்டு எண்ணிக் காட்டினார். சாமி பெயர்களைச் சொல்லிக் கொடுத்தார். அவள் பிறந்த வீட்டைக் குறை சொல்லிக்கூடப் பார்த்தார். அதற்கே வாய் திறக்கவில்லை என்றால் பார்த்துக்கொள்ளுங்கள்.

மிச்சம் இருந்தது இந்த அவரைதான். ஆடியில் அவளே கையால் ஊன்றிய விதை.

பந்தல் முழுக்க ஊதாப் பூ. ஒரு காய் கிடையாது. கேட்டவர்களிடம், இந்த வருஷம் பனி போதவில்லை என்று சொல்லிவைத்தார். இந்தப் பக்கத்துக் குளிர் தெரிந்ததுதானே, போர்வையைத் தேடி எடுப்பதற்குள் வெயில் வந்துவிடும். எல்லாரும் நம்பினார்கள்.

மாசி பிறந்தால் கொடியே ஓய்ந்துவிடும். அதற்குள் அவள் சொல்லியாக வேண்டும்.

போன வாரம் பக்கத்து வீட்டுக் கமருன்னிஸாவுக்கு மனசு கேட்கவில்லை. வேம்பு சொல்கிற அதே வார்த்தையை, ‘அண்ணே’ மட்டும் சேர்த்து, சுவருக்கு அந்தப் பக்கமிருந்து சொல்லிவிட்டாள். நல்ல மனசுதான். ஆனால் பஞ்சநதத்துக்கு ஆத்திரமாக வந்தது. யார் சீட்டில் யார் உட்காருவது? அரிவாளை எடுத்துக்கொண்டு விறுவிறுவென்று உள்ளே போய்விட்டார். கமருன்னிஸாவுக்கும் புரிந்துபோயிற்று. அதற்கப்புறம் அவர் அரிவாளை எடுத்தால் அவள் வீட்டுக்குள் போய்விடுகிறாள்.

இன்று வேம்புவின் உதடு அசைந்தது.

உதடு குவிந்தது, கோணியது, கொஞ்சம் எச்சில் வழிந்தது. அவ்வளவுதான். கண் மட்டும் கொடியிலேயே இருந்தது.

போய்த் துண்டால் துடைத்துவிட்டார். இந்த வீட்டில் தன் குரல் ஒன்றுதான் என்பது அப்போது அவருக்குத் தாங்க முடியாமல் இருந்தது.

செடிப்பேன் ஒட்டியிருந்த கொழுந்துகளில் சாம்பலைத் தூவினார். கத்தரிக்கு இரண்டு செம்பு தண்ணீர் விட்டார். அரிவாளைக் கொண்டுபோய்க் குளியலறைக்குப் பின்னால் வைத்தார்.

அங்கே தொட்டி மறைவில் மஞ்சப்பை இருந்தது. விடியுமுன் செல்போன் வெளிச்சத்தில் பறித்தவை, கால் கிலோவுக்குக் குறையாது. முந்தின நாட்களில் இருட்டில் தப்பிய விரல் நீளக் காயிலிருந்து நகம் அளவுப் பிஞ்சு வரை ஒன்று விடவில்லை.

காய்த்த கொடியை யார் வெட்டுவார்கள்? வெட்டாத கொடிக்கு யார் பரிந்து பேசுவார்கள்?

பையைக் கமருன்னிஸா வீட்டு கேட்டில் மாட்டினார். நேற்றைய பை காலியாகி, மடித்து, அதே கம்பியில் செருகியிருந்தது. இத்தனை நாளில் அவள் ஒரு வார்த்தை கேட்டதில்லை. அன்றைக்கு அவள் பரிந்து பேசியபோதும் இந்தக் கொடியின் காய்தான் அவள் அடுப்பில் வெந்துகொண்டிருந்தது.

திரும்பி வந்து பந்தலை அண்ணாந்து பார்த்தார். பனி நன்றாகவே இறங்கியிருந்தது. கணுவுக்குக் கணு, வாடின பூவுக்குள் புதுப் பிஞ்சு கட்டத் தொடங்கியிருந்தது.

நாளைக்கு இன்னும் அரை மணி முன்னால் எழுந்திருக்க வேண்டும்.