டைமண்டின் துக்கம்

குதிரை புல்லை வாயில் எடுத்தது. கொஞ்சம் மென்றது. கீழே போட்டது.

அவள் குனிந்து எடுத்தாள். எச்சில் ஊறி உருண்டையாகக் கிடந்தது. புதிதாக ஒரு பிடி புல்லை நீட்டினாள்.

டைமண்ட் முகத்தைத் திருப்பிக்கொண்டது.

"சரி, விடு," என்றாள். "எனக்கும்தான் எறங்கல."

கணவர் அமலதாசை அடக்கம் செய்த வாரத்திலிருந்து இப்படித்தான். கொடைக்கானல் ஏரியைச் சுற்றி எத்தனையோ பிள்ளைகளைச் சுமந்த குதிரை. பிள்ளை பயந்து அழுதால் தானாகவே நடையைக் குறைத்துக்கொள்ளும். கடிவாளத்தைப் பிடித்தபடி பக்கத்திலேயே அவர் நடந்து வருவார்.

இப்போது விலா எலும்பு தெரியக் கொட்டகையில் தலையைத் தொங்கவிட்டு நின்றது.

வந்தவர்கள் எல்லோரும் ஒன்றையேதான் சொன்னார்கள். வளர்த்தவர் போன ஏக்கம். ஏரிக்கரையின் மற்ற குதிரைக்காரர்கள் ஒவ்வொருவராக வந்து அதன் நெற்றியைத் தொட்டுவிட்டுப் போனார்கள். ஞாயிறு பூசையில் சாமியார்கூடப் பிரசங்கத்தில் அதைச் சொன்னார். மாதா கோயிலில் இருந்த அத்தனை பேரும் அவளைத் திரும்பிப் பார்த்தார்கள்.

அவளுக்கு அது பிடித்திருந்தது.

வெளியே காட்டிக்கொள்ளவில்லை. ஆனால் பிடித்திருந்தது. மகள் திருப்பூருக்குத் திரும்பிவிட்டாள். சொந்தக்காரர்கள் அவரவர் வேலைக்குப் போய்விட்டார்கள். அவரை நினைத்துப் பட்டினி கிடக்க இரண்டு பேர்தான் மீதி. ஒருத்தி அவள். இன்னொன்று கொட்டகையில் நின்றது.

பகலெல்லாம் அதன் பக்கத்தில் சாக்கை விரித்து உட்கார்ந்திருந்தாள். அடுப்பில் டீயைத் தவிர எதுவும் ஏறவில்லை.

அன்று காலையில் எழுந்திருக்கப் போன டைமண்டுக்கு முன்கால் மடங்கியது.

விழுந்தது. மறுபடி ஊன்றிப் பார்த்தது. சுவரில் உடம்பைச் சாய்த்துத்தான் நிற்க முடிந்தது.

அப்போதுதான் அவளுக்குப் பயம் வந்தது.

கால்நடை மருத்துவமனைக்கு போன் செய்தாள். மதியத்துக்கு முன்பே டாக்டர் வந்துவிட்டார். எழிலரசி என்று பெயர். மகள் வயதுதான் இருக்கும். அவள் எல்லாவற்றையும் சொன்னாள். கணவர் போனது, இது சாப்பாட்டை விட்டது, ஊரே சொல்கிற ஏக்கம். டாக்டர் குறுக்கே பேசாமல் கேட்டார். ஆனால் கண் தரையில் இருந்தது. மென்று துப்பிய உருண்டைகளில் ஒன்றை எடுத்துப் பிரித்துப் பார்த்தார். குதிரையின் வாயருகே மூக்கைக் கொண்டுபோய் முகர்ந்தார்.

"இதுக்குப் பசி இருக்குக்கா," என்றார். "மெல்லத்தான் முடியல."

ஊசி போட்டார். டைமண்டின் தலை மெல்லக் கவிழ்ந்தது. வாயை மூடவிடாத இரும்புச் சட்டத்தை மாட்டி, டார்ச்சை அவள் கையில் கொடுத்தார்.

"இங்க பிடிங்க. உள்ள பாருங்க."

பார்த்தாள். கடைவாய்ப் பல்லின் ஓரம் உடைந்த ஓடு போலக் கூராக நின்றது. அதற்கு நேரே, கன்னத்தின் உட்புறம் வெள்ளையாகப் புண். ஒவ்வொரு முறை மெல்லும்போதும் அந்தப் பல் அங்கேதான் குத்தியிருக்கிறது.

நீண்ட அரத்தை உள்ளே விட்டு டாக்டர் ராவத் தொடங்கினார்.

பல்.

அவ்வளவுதான். ஏக்கம் இல்லை. பாசம் இல்லை. பல்.

வீட்டிலிருந்து இன்னொருவரும் எழுந்து போய்விட்டது போலிருந்தது. டார்ச் கீழே சரிந்தது. டாக்டர் அவள் மணிக்கட்டைப் பிடித்து வெளிச்சத்தைச் சரிசெய்துகொண்டார்.

முடிந்ததும் வாளித் தண்ணீரில் கை கழுவியபடி, தீனி எப்படி வைக்கிறீர்கள் என்று விசாரித்தார்.

காய்ந்த புல் என்றாள். கொள்ளு, கொஞ்சம் ஊறவைத்து.

"சார் இருந்தப்பவும் அப்படித்தானா?"

"இல்ல. அவரு கொள்ளக் குழைய வேகவச்சு, மத்தால கடைஞ்சு, தவிடு போட்டுக் குடுப்பாரு. புல்லக்கூடப் பொடிசா நறுக்கி நனைச்சுத்தான் வைப்பாரு. பருப்புக் கடையுற மத்த எடுத்துக் குதிரைக்குக் கடையிறீங்களேன்னு நான் வைவேன். காதுலயே வாங்க மாட்டாரு. கொஞ்ச காலமாத்தான் இந்தக் கூத்து, அதுக்கு முன்னாடியெல்லாம்…"

டைமண்டின் வாயைத் திரும்பிப் பார்த்தாள்.

டாக்டர் கையைத் துடைத்துக்கொண்டார். இது ரொம்ப நாள் வலி என்று மட்டும் சொன்னார். அமலதாஸ் தன்னிடம் வந்திருந்தால் அப்போதே ராவி விட்டிருக்கலாம். வராமலே இத்தனை நாள் அதைச் சாப்பிட வைத்திருக்கிறார். மயக்கம் நன்றாகத் தெளிந்த பிறகு அவர் கொடுத்தது போலவே கொடுங்கள், புண் ஆறட்டும் என்று சொல்லிவிட்டுக் கிளம்பினார்.

அவள் அடுப்பைப் பற்றவைத்தாள்.

கொள்ளு வேகும் வாசனை கொட்டகை வரை போயிருக்க வேண்டும். உள்ளே குளம்பு மாறும் சத்தம் கேட்டது. பாத்திரத்தோடு வெளியே வந்தாள். மத்தை இரண்டு உள்ளங்கைகளுக்கு இடையில் வைத்து உருட்டினாள். முதலில் மேலெல்லாம் தெறித்தது. அவர் எப்படிப் பிடிப்பார் என்று அவள் ஒருநாளும் கவனித்ததில்லை. திட்டுவதற்கு மட்டுமே அந்தப் பக்கம் பார்த்திருக்கிறாள்.

பாதியை எடுத்துத் தவிட்டோடு பிசைந்து ஆறவைத்து, தொட்டியில் கொட்டினாள்.

டைமண்ட் முகர்ந்தது. உதட்டால் தொட்டுப் பார்த்தது. நின்றது.



பிறகு மூக்கு வரை உள்ளே விட்டது. மென்றது. நிறுத்தி, எதற்கோ காத்திருப்பது போல நின்றது. எதுவும் குத்தவில்லை. மறுபடி மென்றது. தொண்டையில் கவளம் இறங்குவது தெரிந்தது. அதன் பிறகு தலையைத் தூக்கவே இல்லை.

"எதுக்குக் கடையிறாருன்னு அவரு உங்கிட்ட மட்டும் சொல்லியிருக்காரு பாரு," என்றாள்.

கையெல்லாம் கொள்ளு. விரலை நக்கினாள். பாத்திரத்தின் ஓரத்தை வழித்து இன்னொரு முறை வாயில் வைத்தாள். நன்றாக வெந்திருந்தது. உப்புத்தான் இல்லை.

"மீதியில வாய வச்சிராத," என்று டைமண்டிடம் சொல்லிவிட்டு, உப்பு எடுக்க உள்ளே போனாள்.