பயந்தாங்கொள்ளி மேசை

ஊர் ஊராகப் போய்ச் சீட்டாடிப் பிழைப்பவர் அவர். தொழில் வட்டாரத்தில் 'கழுகு' என்று பெயர். தன் கைக்கு வந்த சீட்டைக் கடைசியாகத்தான் பார்ப்பார். முதலில் எதிரே இருக்கும் முகங்களைப் பார்ப்பார்.

அந்த ஞாயிறு மதியம் புது ஊரின் கிளப் வாசலில் காரை விட்டு இறங்கியபோதே அவருக்கு ராஜ மரியாதை. உள்ளே சீட்டு மேசையில் இருந்த உள்ளூர்க் கான்ட்ராக்டர் தானே எழுந்து மின்விசிறிக்குக் கீழே நாற்காலி போட்டார். சிமென்ட் வியாபாரியும் செங்கல் சூளைக்காரரும் எழுந்து வணக்கம் வைத்தார்கள். எல்லாம் இஸ்திரி போட்ட சட்டைக்குக் கிடைக்கும் மதிப்பு என்று கழுகு நினைத்துக்கொண்டார்.

வாசலோரம் இன்னொரு புதுமுகம். ரப்பர் செருப்பு, சாயம் போன சட்டை. லாட்ஜில் தங்கியிருக்கிறாராம், பொழுது போகவில்லையாம். ஆள் கணக்குக்கு ஆகட்டும் என்று அவரையும் சேர்த்துக்கொண்டார்கள்.

போக்கர் தொடங்கியது. கழுகு முதலில் அடக்கி வாசித்தார். ஏஸ் ஜோடி, ராஜா ஜோடி என்று கனமாக விழுந்தால் மட்டும் பணம் கட்டினார். மற்றதையெல்லாம் கவிழ்த்துவிட்டு ஆட்டத்திலிருந்து ஒதுங்கினார். கொஞ்ச நேரத்தில் மேசை பிடிபட்டுவிட்டது. அவர் பந்தயத்தைக் கூட்டினால் போதும், முதலாளிகள் மூவரும் பதறிப்போய் ஒதுங்கினார்கள்.

இவர்களுக்கு நல்ல சீட்டு எதற்கு? வெறும் இரண்டையும் ஏழையும் வைத்துக்கொண்டே மிரட்டினார். பணம் குவிந்தது. சூளைக்காரர் கவிழ்த்த சீட்டு ஒருமுறை மின்விசிறிக் காற்றில் புரண்டது. ஏஸ் ஜோடி! அதைப் போய்க் கவிழ்க்கிற மடையனைக் கழுகு இதுவரை கண்டதில்லை.

செருப்புக்காரர் மட்டும் விடாக்கண்டர். எதை வைத்துக்கொண்டும் கடைசிவரை வந்தார். அவரிடம் மிரட்டல் எடுபடாது என்று கழுகு பொறுத்திருந்து, கனமான சீட்டோடு மட்டும் மோதினார். சீட்டு விழாதபோது சட்டைக் கைமடிப்பிலிருந்து ஒரு ஏஸ் இறங்கியது.

செருப்புக்காரரின் பை காலியானது.

"பெரியவங்களோட உக்காந்தா இப்படித்தான். டீக்காவது காசு இருக்கா?" என்றார் கான்ட்ராக்டர். மற்ற இருவரும் சிரித்தார்கள். 

கழுகு பணத்தை அள்ளிக்கொண்டு எழுந்தார். கான்ட்ராக்டர் வழியை மறித்து நிற்கவும், கைமடிப்பைப் பார்த்துவிட்டாரோ என்று கழுகு கையைப் பின்னால் மறைத்தார்.

கான்ட்ராக்டர் குரலைத் தாழ்த்தினார். "உங்களுக்குத் திருப்திதானே சார்? பாலத்துல சிமென்ட் எவ்வளவு போட்டோம்னு மட்டும் நோண்டாம பில்லைப் பாஸ் பண்ணிடுங்க."

"எந்தப் பாலம்?"

"புது இன்ஜினீயர் சார் நல்லாத் தமாஷ் பண்றீங்க."

கழுகுக்கு இப்போதுதான் மேசை முழுதாகப் புரிந்தது. மறுபேச்சில்லாமல் காரில் ஏறிப் பறந்துவிட்டார்.

செருப்புக்காரர் நிதானமாக எழுந்து சட்டையை உதறிக்கொண்டார்.

"புது இன்ஜினீயர் நான்தாங்க. நாளைக்கு ஆபீசுக்கு வரும்போது, இப்ப நான் தோத்ததையும் சேர்த்து எடுத்துட்டு வாங்க."