வெளுத்த கொண்டை

பொழுது சாயும் நேரத்தில், வேலியோரம் மேய்ந்துகொண்டிருந்த சேவலைப் பார்த்து மின்மினி உச்சுக்கொட்டியது.

"அண்ணே, கொண்டை ஏன் இப்படிச் சிவந்து கிடக்கு? வெயில் தின்ன தோல். இப்படியே விட்டா கருத்துப்போயிடும்."

சேவல் காலைத் தூக்கிக் கொண்டையைத் தொட்டுப் பார்த்தது. அதுவரை கொண்டையைப் பற்றி அது நினைத்ததேயில்லை.

"இப்ப என்ன பண்றது?"

"என் வெளிச்சத்தைக் காட்டினா போதும். கண்ணை மூடிக்குங்க. ரப்பர் பேண்டால சுண்டுன மாதிரி இருக்கும், அவ்வளவுதான்."

மின்மினி பளிச் பளிச்சென்று மின்னியது. சேவல் கண்ணை மூடிக்கொண்டு நின்றது. மறுநாளும் சேவல் வேலியோரம் வந்தது, அதற்கடுத்த நாளும் வந்தது. ஒரு மாலை தண்ணீர்த் தொட்டியில் எட்டிப் பார்த்தால், கொண்டை முள்ளங்கி போல வெளுத்திருந்தது. சேவல் பூரித்துப்போய்க் கூவியது.

கூவல் கேட்டு வெளியே வந்த வீட்டுக்காரி தங்கபுஷ்பம் திடுக்கிட்டு, உள்ளே இருந்த கணவனைக் கூப்பிட்டாள்.

"ஐயோ, கொண்டை வெளுத்துப்போச்சே! சீக்கு வந்துடுச்சுங்க. மத்த கோழிக்கு ஒட்டுறதுக்குள்ள அறுத்துடுங்க."

கவிழ்த்த கூடைக்குள் சேவல் ஒடுங்கிக் கிடந்தது. கத்தி தீட்டும் சத்தம் கேட்டது. அதையும் தாண்டி, வேலிப் பக்கமிருந்து மின்மினியின் குரல் வந்தது. பக்கத்து வீட்டு இளஞ்சேவலிடம் அது கேட்டுக்கொண்டிருந்தது:

"தம்பி, கொண்டை ஏன் இப்படிச் சிவந்து கிடக்கு?"