பின் ஃபுட்ரெஸ்ட்

ஸ்டாண்டில் நின்ற பைக்கின் பின்சீட்டில் லிசி ஏறி உட்கார்ந்தாள். கால் ஃபுட்ரெஸ்ட்டுக்கு எட்டாமல் தொங்கியது.

"என்னங்க, இதை யாரு கீழே இறக்குனது?"

"நான்தான். பாலக்கரை மெக்கானிக்கிட்ட சொல்லி இறக்குனேன்" என்றான் அவள் கணவன் டோனி. அவள் முகத்தை அவன் பார்க்கவில்லை.

"கல்யாணமான நாள்லேர்ந்து பின்னாடி உக்கார்றவ நான். எனக்கே எட்டல. யாருக்காக இறக்குனீங்க?"

"கொஞ்சம் உயரமான ஆளுக்கு."

லிசி குனிந்து மறுபக்கம் பார்த்தாள். வலப்பக்க ஃபுட்ரெஸ்ட்டிலும் புது ரப்பர். சேலையோடு ஒரு பக்கமாகவே உட்காரும் அவள், அதில் கால் வைத்ததே இல்லை.

"ரெண்டு பக்கமும் கால் போட்டு உக்கார்றவளா? பேரைச் சொல்லுங்க!"

டோனி சாவியை அவள் கையில் வைத்தான்.

"போன வாரம் காவிரிப் பாலத்துல உரசிட்டுப் போன பஸ்ஸே என் கண்ணுக்குத் தெரியல லிசி. இனிமே வண்டி ஓட்டவே கூடாதுன்னுட்டாரு டாக்டர். காலேஜ் படிக்கறப்ப உங்கண்ணன் பைக்கை ஓட்டினவதானே நீ? முன் ஃபுட்ரெஸ்ட்டை உன் காலுக்குத் தகுந்த மாதிரி மாத்திட்டேன்."

அவன் குனிந்து பின் ஃபுட்ரெஸ்ட்டைத் தொட்டுக் காட்டினான்.

"பின்னாடி இருக்கறது எனக்கு."